மற்றும் குழுவினர்

பாட்டுக் கேட்டால் மனசு லேசாகும் என்று எவனாவது எழுதினால், அவனைச் செல்லூருக்குக் கூட்டிவந்து காயில் அண்ணன் கடை வாசலில் ஒரு மணி நேரம் உட்கார வைக்க வேண்டும். மதுரை ஜில்லாவிலேயே பாட்டுக் கேட்டுக் கேட்டு ரத்தக்கொதிப்பை வளர்த்துக்கொண்ட ஒரே மனிதர் அவர்தான். கூடவே என்னுடையதையும் வளர்த்துவிட்டார். இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று பதினோரு வருடம் பொறுத்துப் பார்த்தேன். ஆறுகிற வழியைக் காணோம்.

விசைத்தறி மோட்டார் எரிந்துபோனால் கருகிய செம்புக் கம்பியை உருவி எறிந்துவிட்டுப் புதுக் கம்பிச் சுருள், அதாவது காயில், சுற்றித் தருவது அவர் தொழில். அதனால் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் காயில் அண்ணன். அந்தக் கடைக்கு நேர் மேலே, மாடியில், பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிற நான் குடியிருக்கிறேன். சந்து முழுக்கத் தறிச் சத்தம். அந்தச் சத்தத்தையும் மீறி ஒரு மனிதன் பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் என்ன செய்வான்? திருவிழாவுக்கு வைக்கிற ஆளுயர ஸ்பீக்கர் ஒன்றை எங்கிருந்தோ பிடித்துவந்து மோட்டார்களுக்கு நடுவில் நிறுத்திவிட்டார். கீழே உறுமி மேளம் உறுமினால் மேலே எங்கள் வீட்டு மேசையில் காபி டம்ளர் தானாக நகரும். என் மனைவி டம்ளரைப் பிடித்துக்கொண்டுதான் பேசுவாள்.

சினிமாப் பாட்டு அவர் கடைக்குள் நுழைய முடியாது. சபா கச்சேரியும் அப்படியே. வயலிலும், கோயில் பொட்டலிலும், இழவு வீட்டிலும் பாடியதுதான் அவருக்குப் பாட்டு. நடவுப் பாட்டு, கும்மி, நையாண்டி மேளம். எல்லாவற்றுக்கும் மேலே ஒப்பாரி. ஊர் ஊராகப் போய்ச் சேர்த்த கேசட்டுகள் ஒரு இரும்பு பீரோ நிறைய இருந்தன. பென் டிரைவ், யூடியூப் எதையும் விட்டுவைக்கவில்லை. அவ்வளவையும் கேட்டுவிட்டு, ஒவ்வொரு திங்கட்கிழமையும் கடை ஷட்டர் பக்கத்தில் தொங்கும் கரும்பலகையில் 'இந்த வாரம் கேட்டது' என்று தலைப்புப் போட்டு ஐந்து பாட்டு எழுதுவார். எந்த ஊர்ப் பாட்டு, யார் பாடியது, மேளம் யார், கடைசியில் தீர்ப்பு. 'கேட்கலாம்.' 'உட்கார்ந்து கேட்கணும்.' 'நின்று கேட்கணும்.' ஒருமுறை ஒரு ரீமிக்ஸ் பாட்டுக்கு நேராக 'இதைக் கேட்டவன் மோட்டாரை வேறு கடைக்குக் கொண்டு போகவும்' என்று எழுதியிருந்தார். அந்த வாரம் பாதிச் செல்லூர் வேறு கடைக்குத்தான் போனது.

கடையில் பாட்டு ஓடும்போது பேசினால் தொலைந்தோம். ஒருநாள் தறிக்காரர் ஒருவர் மோட்டாரைத் தோளில் சுமந்துகொண்டு ஓடிவந்தார்.

"அண்ணே, தறி நிக்குதுண்ணே!"

"நிக்கட்டும். பாட்டு முடியட்டும்."

"எம்புட்டு நேரம்ணே?"

"பதினோரு நிமிசம். அந்தப் பொம்பள மூச்சுவிடாமப் பாடிக்கிட்டு இருக்கு. ஒன்னால மூச்சு விட்டுக்கிட்டு நிக்க முடியாதா?"

பாவம், அந்த மனிதர் மோட்டாரை இறக்கி வைக்கக்கூட அனுமதி கிடைக்காமல் பதினோரு நிமிடம் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றார். மாடியிலிருந்து பார்த்த எனக்கு அவர் சார்பில் கோபம் வந்தது.

ஆனால் அதெல்லாம் ஒன்றுமில்லை. என்னைக் கொன்ற கதையைச் சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சோழவந்தானில் கொடிக்கால் வைத்திருக்கும் என் சகலை, ஒரு கட்டு வெற்றிலையோடு எங்கள் வீட்டுக்குச் சொல்லாமல் கிளம்பி வந்திருக்கிறார். சந்து முனையில் இறங்கியதுமே காதில் ஒப்பாரி விழுந்திருக்கிறது. எட்டிப் பார்த்தால் எங்கள் வீட்டு வாசலில் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலி. அதில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஏழெட்டு ஆண்கள். மோட்டாருக்காகக் காத்திருக்கிறவர்கள், பாட்டு ஓடுவதால் பேசப் பயந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒப்பாரியும் நாற்காலியும் சேர்ந்தால் நம் ஊரில் என்ன அர்த்தம்? சகலை அங்கேயே நின்று சோழவந்தானுக்குப் போன் போட்டுவிட்டு, ரோஜா மாலை ஒன்று வாங்கிக்கொண்டு, "அண்ணே, போயிட்டீகளாண்ணே!" என்று அலறியபடி வந்தார். நான் கைலியோடு பால் பாக்கெட் வாங்க மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்தேன்.

என்னைப் பார்த்ததும் நிம்மதி அடைந்தார் என்று நினைக்கிறீர்களா? "அப்ப போனது யாரு? அக்காவா?" என்று இரண்டாவது தடவை அலறினார். எல்லாம் விளங்கி முடிவதற்குள் சோழவந்தானிலிருந்து ஒரு வேன் கிளம்பிவிட்டது. இருபத்திரண்டு பேர். நான் உயிரோடு இருந்த குற்றத்துக்காக என் மனைவி இருபத்திரண்டு பேருக்கும் மத்தியானச் சாப்பாடு போட்டாள்.

நான் கடைக்குள் போய்க் கத்தினேன். வாழ்க்கையில் அப்படிக் கத்தியதில்லை.

"என்னய உயிரோட கொன்னுட்டீங்களேண்ணே! இதெல்லாம் ஒரு பாட்டுன்னு காலங்காத்தால போடுறீங்களே, உங்களுக்கு மனசாட்சி இருக்கா?"

அவர் கம்பி சுற்றுவதை நிறுத்திவிட்டு என்னை உற்றுப் பார்த்தார்.

"தம்பி, உங்க சகல அழுதாரா?"

"அழுதாரு!"

"நெசமாவே கண்ணுல தண்ணி வந்துச்சா?"

"வந்துச்சுண்ணே, அதுக்கென்ன இப்ப?"

"பாத்தீகளா! சந்து மொனையில நின்ன மனுசன அழ வச்சிருக்கா. அவ பேர அட்டையில போடலயே தம்பி, அந்தக் களவாணிப் பயலுக!"

அவர் கத்திய கத்தலில் என் கோபம் சின்னதாகிப் போனது. பீரோவைத் திறந்து அந்தக் கேசட்டை எடுத்துக் காட்டினார். அவர் உயிராக நினைத்த கேசட் அதுதான். அட்டையில் ஒரு குத்துவிளக்குப் படம். 'கிராமத்து ஒப்பாரி' என்று கொட்டை எழுத்து. அதற்குக் கீழே 'பாடியவர்கள்' என்று போட்டு, கொஞ்சம் இடம் விட்டு, 'மற்றும் குழுவினர்'. அவ்வளவுதான். முதலில் ஒரு பெயர் இருந்தால்தானே மற்றவர்கள் வர முடியும்? இங்கே ஆளே இல்லை, மற்றவர்கள் மட்டும் வந்திருந்தார்கள்.

"டைப்படிச்சவன் பேரு இருக்கு. அட்டை அச்சடிச்ச பிரஸ் பேரு இருக்கு. தொண்டை கிழியப் பாடுனவ பேரு மட்டும் இல்ல. வேலைய வாங்கிக்கிட்டுப் பேரத் திருடிட்டாய்ங்க. அந்தக் கம்பெனிக்காரன் மட்டும் என் கையில கெடச்சான்..."

கம்பெனிக்காரன் கிடைக்கவில்லை. கடையை மூடிவிட்டு எங்கோ போய்விட்டான். இருபது வருடமாக அவனைத் தேடுவதாகச் சொன்னார். அந்தப் பாடகியையும் தேடிக்கொண்டிருந்தார். பலகையில் அவள் பாட்டை எத்தனையோ வாரம் எழுத நினைத்து, பெயர் இல்லாமல் எழுத மாட்டேன் என்று விட்டுவிட்டாராம். சகலை கொண்டுவந்த மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் நான் கையில் வைத்திருந்தேன். வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது, சாமிக்கும் போட முடியாது. அவர் அதை வாங்கி ஸ்பீக்கருக்குப் போட்டார். இதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அன்றிலிருந்து அந்தப் பாட்டு ஓடும்போது நானும் பேனாவைக் கீழே வைத்துவிடுவேன். யாரோ ஒருத்தி நெஞ்சு வெடிக்கப் பாடுகிறாள், அவள் யாரென்று தெரியவில்லை. எனக்கும் அந்தக் கம்பெனிக்காரன் மேல் ஆத்திரம் வர ஆரம்பித்தது.

போன வருடம் கிணற்று மோட்டாரைக் கொண்டுவந்த திருவாதவூர் விவசாயி ஒருவர், பாட்டு ஓடும்போது பேசிவிட்டார். அண்ணன் அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"அண்ணே, இது எங்க மேலத்தெரு அத்த கொரலுல்ல?"

அண்ணன் கையிலிருந்த கம்பிச் சுருள் கீழே விழுந்து உருண்டு தெருவுக்கே போய்விட்டது. அடுத்த அரை மணியில் அவருடைய மொபெட்டில் நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒரு கட்டுரை முடிக்க வேண்டியிருந்தது. கேட்டாரா? திருவாதவூர் போகும் வரை அந்தக் கம்பெனிக்காரனை வைதுகொண்டே வந்தார். எதிரே வந்தவர்கள் எல்லாம் தங்களைத்தான் வைகிறார் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

ஓட்டு வீடு. வாசலில் அந்த அம்மா புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் ஒரு பெரியவர், உலகத்தின் மேலேயே கோபமாக இருக்கிற முகத்தோடு படுத்திருந்தார். அண்ணன் செல்போனில் பாட்டைப் போட்டார். அந்த அம்மா தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"ஆமாய்யா, நாந்தேன் பாடுனேன். அதுக்கென்ன இப்ப?"

பதினோரு வருடத்தில் முதல் தடவையாகக் காயில் அண்ணன் ஒருவரைக் கையெடுத்துக் கும்பிட்டதைப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர். இந்த நிலைமை ஒரு நிமிடம்தான் நீடித்தது.

"ஆத்தா, ஒங்க பேரப் போடாம ஏமாத்துனான் பாருங்க, அந்தக் கம்பெனிக்காரப் பய எங்க இருக்கான்? சொல்லுங்க. இன்னைக்கு நான் ஜெயிலுக்குப் போனாலும் பரவாயில்ல!"

அந்த அம்மா சிரித்தபடி கட்டிலைக் கை காட்டினார். பெரியவர் எழுந்து உட்கார்ந்தார்.

"அவன் என்னடா பண்ணுவான்? நாந்தேன்டா பேர எடுக்கச் சொன்னேன்!"

கதை இப்படித்தான் நடந்திருக்கிறது. ஒலிப்பதிவு செய்ய வந்தவன், புருசன் செத்ததுக்கு அழுகிற மாதிரி ஒன்று பாடச் சொல்லியிருக்கிறான். இந்த அம்மா பாடியிருக்கிறார். அட்டை அச்சுக்குப் போன பிறகுதான் விஷயம் புருசனான பெரியவருக்கு உறைத்திருக்கிறது. பஸ் ஏறி மதுரைக்குப் போய்ப் பெயரை எடுக்காவிட்டால் கடையைக் கொளுத்துவேன் என்று நின்றிருக்கிறார். பயந்துபோனவன் பெயரை மட்டும் வழித்தெடுத்துவிட்டு, 'மற்றும் குழுவினர்' என்பதை அப்படியே விட்டுவிட்டான்.

"இவ பேரப் போட்டா, செத்தவன் நாந்தேன்னு ஊரு பூரா தெரிஞ்சுபோகும்ல? சம்பந்தி வீட்ல இருந்து கோடித் துணி எடுத்துக்கிட்டு வந்துருவாய்ங்கல்ல? குத்துக்கல்லாட்டம் நான் உக்காந்திருக்கேன்!" என்று பெரியவர் கத்தினார்.

மாலையும் வேனும் பார்த்தவன் நான். அந்த மனிதரின் பயம் எனக்கு அப்படியே புரிந்தது. காயில் அண்ணனுக்குத்தான் புரியவில்லை. இருபது வருடம் ஊட்டி வளர்த்த கோபத்தை இறக்கி வைக்க இடமில்லாமல் தவித்தார்.

"ஏய்யா, ஒலகத்துலயே இப்பிடி ஒரு பாட்டுப் பாடியிருக்கா ஒன் பொண்டாட்டி. அந்தப் பேர மறச்சுப்புட்டியே, நீயெல்லாம் ஒரு மனுசனா?"

"ஒன் பொண்டாட்டி நீ சாகுறதுக்கு முன்னால ஒப்பாரி வச்சா, மைக் செட்டுப் போட்டுக் கேப்பியாடா?"

இரண்டு பேரும் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார்கள். நான் நடுவில் புகுந்து இரண்டு பக்கமும் திட்டு வாங்கினேன். அந்த அம்மா மட்டும் புளியை விட்டுக் கையை எடுக்கவில்லை.

"அன்னைக்கு எதுத்தாப்புல இந்த மனுசன் உக்காந்து வெத்தல போட்டுக்கிட்டு இருந்தாருய்யா," என்றார் மெதுவாக. "கட்டுன நாள்லேர்ந்து என்னய வஞ்ச வசவு, அடிச்ச அடி, அம்புட்டும் ஞாபகம் வந்துச்சு. மொகத்தப் பாத்துக்கிட்டே பாடுனேன். வாய் தெறந்து வைய முடியல. அழுகையா வந்துருச்சு. அப்பறம் பாத்தா, நெசமாவே போயிருவாரோன்னு வேற பயமாப் போச்சு."

பெரியவர் கட்டிலில் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அண்ணன் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார்.

"ஆத்தா, பேரையாச்சும் சொல்லுங்க. என் கடப் பலகையில எழுதணும். வேற ஒண்ணும் வேணாம்."

பெயரைச் சொன்னார். கட்டிலிலிருந்து உடனே குரல் வந்தது.

"நான் இருக்குற வரைக்கும் எழுதப்படாது!"

"அப்ப எப்பத்தான்யா எழுதுறது?" என்று காயில் அண்ணன் பாய்ந்தார். பாய்ந்த பிறகுதான் என்ன கேட்டோம் என்பது அவருக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றார்.

அந்த அம்மா ஒரு புளியங்கொட்டையைத் தூக்கி எறிந்துவிட்டுச் சொன்னார்: "அவசரமில்லய்யா."

திரும்பி வரும்போது மொபெட்டில் ஒரு வார்த்தை இல்லை. அண்ணன் இப்படிப் பேசாமல் வந்தால் எனக்குத் தாங்காது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒத்தக்கடை வந்ததும் வண்டியை ஓரமாக நிறுத்தினார். "நல்லாருக்கட்டும் தம்பி, அந்த ஆளு. நூறு வயசு இருக்கட்டும்," என்றார். அதையும் கோபமாகத்தான் சொன்னார். இப்போது திருவாதவூரிலிருந்து யார் மோட்டார் கொண்டுவந்தாலும், எரிந்துபோன காயிலைப் பார்ப்பதற்கு முன்னால் பெரியவருக்கு உடம்பு எப்படி என்று கேட்கிறார். போன மாதம் இருமல் என்று கேள்விப்பட்டு, ஆடாதொடை மருந்து வாங்கி, "ஒழுங்கா குடிக்கச் சொல்லு அந்த ஆள" என்று வைது கொடுத்தனுப்பினார்.

அந்தப் பெயர் எனக்கும் தெரியும். இந்தப் பத்திரிகையில் நான் எழுதினால் ஒரே வாரத்தில் நாடு பூராவும் தெரிந்துவிடும். எழுத மாட்டேன். அதை முதலில் எழுத வேண்டியவர் காயில் அண்ணன். அதற்கு எத்தனை வருடம் ஆனாலும் அவர் இருந்தாக வேண்டும். அறுபத்தேழு வயது, சர்க்கரை வேறு, நேரத்துக்குச் சாப்பிடுவதும் கிடையாது. அதனால் தினமும் காலையில் மாடிப்படியில் நின்று, "மாத்திரை போட்டீங்களாண்ணே?" என்று கத்துகிறேன். பாட்டுச் சத்தத்தில் அவர் காதில் விழாது. இறங்கிப் போய், பாட்டு முடிகிற வரை நின்று, மறுபடி கேட்கிறேன்.