கச்சும்பாரி இல்லாத மதிய விருந்து

ஏரிக்கரை விடுதி,
வியாழக்கிழமை

மரியாதைக்குரிய அண்ணன் முதெத்தியாவுக்கு,

தங்கை கின்யா எழுதுவது. நான் நலம். மேருவில் நீங்களும் அண்ணியும் பசுக்களும் நலமாக இருக்கவேண்டும். கிறிஸ்துமஸ் விருந்தில் எல்லார் முன்னாலும், "மூணு வருஷமா இந்த லாரி ஆராய்ச்சி பண்றியே கின்யா, அதனால ஒரு தக்காளியாவது நகர்ந்துச்சா?" என்று நீங்கள் கேட்டதும் நினைவிருக்கவேண்டும். நகர்ந்துவிட்டது, அண்ணா.

நேற்று எங்கள் நைரோபி ஆய்வு மையம் இங்கே கொள்கைக் கலந்துரையாடல் நடத்தியது. நம் ஊர்த் தக்காளி லாரி இங்கு வருவதற்குள் வரி வசூலிக்கும் பதினொரு சாலைத் தடுப்புகளில் நிற்கிறது, கால்வாசிச் சரக்கு அழுகிப்போகிறது என்று காட்டி, இந்த மாவட்டத்து நான்கு தடுப்புகளை ஒன்றாக்கும்படி அமைச்சர் லெமாயனிடம் கேட்க எனக்கு இருபது நிமிடம். அதில் ஜெபம் ஆறு நிமிடம். பிறகு வந்திருந்த பெரியவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வணங்கினார்கள், விட்டுப்போன ஒருவர் இருமினார், மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். மிஞ்சியது நான்கு நிமிடம். இரண்டாம் வரைபடத்தில் மின்சாரம் போயிற்று. அமைச்சர் கண்மூடி ஆழ்ந்து சிந்தித்தார், குறட்டை கேட்டது.

மதியம் அவர் தட்டில் சுட்ட ஆட்டிறைச்சி குவிந்திருந்தது. தொட்டுக்கொள்ளும் தக்காளி வெங்காயப் பச்சடியைத் தேடிச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"கச்சும்பாரி எங்க?"

சமையல் பொறுப்பிலிருந்த அகோத் கரண்டியோடு வந்தாள். என் சிபாரிசில் உங்கள் தக்காளிக்குச் சொல்லிவைத்திருந்தவள் அவள்தான்.

"வெங்காயம் நறுக்கி வச்சாச்சு, மந்திரி ஐயா. தக்காளி லாரிதான் வரல."

"ஏன் வரல?"

"உங்க தடுப்புலதான் நிக்கும். இந்தம்மா காலையில அதத்தானே சொன்னாங்க? நீங்கதான் கொஞ்சம் அசந்துட்டீங்க."

அறையே சிரித்தது. அமைச்சர் சிரிக்கவில்லை. "கச்சும்பாரி இல்லாம ஆட்டுக்கறிய மனுஷன் தின்பானா?" என்று எழுந்து ஃபோனில் கத்தினார்: "மூணைத் தூக்கு! ஒண்ணு போதும்! இப்பவே!"

ஃபோனில் சொன்ன வார்த்தையை நான் நம்புகிறவளில்லை. அவர் எலும்பைக் கீழே வைக்குமுன், என் இரண்டாம் வரைபடத்தின் பின்பக்கத்தில் உத்தரவை எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டேன். கொழுப்பில் பதிந்த விரல்ரேகையும் இருக்கிறது. இன்று காலை நேரில் போய்ப் பார்த்தேன். மூன்று தடுப்புக் கம்பங்கள் புல்லில் கிடக்கின்றன, ஒன்றின்மேல் ஆடு நிற்கிறது. மூன்று வருடத்தில் முதன்முறையாகச் சத்தம்போட்டுச் சிரித்தேன்.

அண்ணிக்கு என் வணக்கம். கர்த்தர் உங்கள் தோட்டத்துக்கு மழையையும், உங்கள் வாய்க்குச் சற்று ஓய்வையும் அருளட்டும்.

வெற்றி பெற்ற தங்கை,
கின்யா

பி.கு.: லாரி இரவுச் சாப்பாட்டுக்குத்தான் வந்தது. இப்போதுதான் ஓட்டுநரை விசாரித்தேன். அமைச்சர் கத்தியபோது அது எந்தத் தடுப்பிலும் இல்லை, உங்கள் வாசலில்தான் நின்றதாம். லாரிச் சாவியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு நீங்கள் சபைக் கூட்டத்துக்குப் போய்விட்டீர்களாமே! ஆதாரம் இல்லாமல் முடிவுக்கு வராதே என்று இருபது வருடமாக மாணவர்களுக்குச் சொல்கிறவள் நான். இதை மட்டும் எந்த அடிக்குறிப்பிலும் எழுதப்போவதில்லை. படித்ததும் கடிதத்தை அடுப்பில் போடுங்கள். கம்பத்தைத் தூக்கியது உங்கள் சாவிதான் என்று அடுத்த கிறிஸ்துமஸில் வாயைத் திறந்துவிடாதீர்கள்.