ஓரம் வெட்டின கல்யாணம்

மணமேடையிலிருந்து பொண்ணைத் தூக்கினவங்களைப் பத்திப் பேப்பர்ல படிச்சிருப்பீங்க. நானும் தூக்கினவன்தான். அதுவும் என் சம்சாரத்தோட அண்ணன் மகளை. கார் வைக்கலை, ஆள் வைக்கலை. ஊட்டுக்குள்ள ஒரு நாற்காலியில உட்காந்துகிட்டு, ஓசியில கிடைச்ச சாப்ட்வேரை வச்சே தூக்கிப்புட்டேன். போலீஸ் தேடியிருந்தாக் கூடத் தப்பிச்சிருப்பேன். தேடினது மருதாள்.

மருதாள்தான் என் சம்சாரம். திருப்பூர்ப் பக்கம் நெருப்பெரிச்சல்ங்கற ஊர்ல ஒரு பனியன் கம்பெனியில செக்கிங்ல இருக்கா. டீ-சர்ட்டை மேசையில போட்டு ஒரு திருப்புத் திருப்பினான்னா, ஊசிமுனை ஓட்டைக்கும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிடுவா. அந்தக் கண்ணை ஷிப்டு முடிஞ்சதும் கம்பெனியிலயே வச்சுட்டு வரக்கூடாதா? வரமாட்டா. ஊட்டுக்குக் கொண்டாந்துதான் எம்மேல வைப்பா.

நான் பனியன் துணி வெட்டற கட்டிங் மாஸ்டரா இருந்து ஓஞ்சவன். உடம்புல சர்க்கரை இருக்குது. டாக்டர் இனிப்பு கூடாதுன்னு சொன்னதோட விட்டுட்டாரு. மருதாள் அதுக்குச் சட்டமே போட்டா.

"ஏனுங்க, நீங்க சாயந்திரம் பேக்கரிக்குப் போறதை நான் வேணாங்கல. சக்கரையில்லாத டீயைக் குடிச்சுப்போட்டு, பேசீட்டு வாங்க. ஆனா எங்காச்சும் இனிப்பை வாயில வச்சீங்கன்னு தெரிஞ்சுது, அன்னைக்கோட பேக்கரிக்குப் போறது கட்டு."

திருப்பூர்ல ஆம்பளைக்குப் பேக்கரி போச்சுன்னா பாதி உசுரு போச்சு. யாருக்கு ஆர்டர் வந்துச்சு, எந்தச் சாயப்பட்டறை நின்னுச்சு, எந்தப் பங்காளிங்க பேசிக்கறதில்லை, எல்லாம் அங்க நின்னாத்தான் தெரியும். ஊட்டுல நின்னா பருப்பு வெந்துச்சா இல்லையாங்கறது மட்டும்தான் தெரியும்.

இப்படி இருக்கையில சேவூர்ல மச்சான் மக மதுமதிக்குக் கல்யாணம். மருதாள் பொண்ணுக்கு அத்தையாச்சே, மேடையை விட்டு எறங்கலை. நான் பந்தியில உட்காந்தேன். ஒப்புட்டு வந்துச்சு, அதாங்க போளி. சுடச்சுட. நெய் வாசத்தோட. டாக்டரை மறந்தேன், மருதாளை மறந்தேன், கொஞ்ச நேரம் மகுடங்கற என் பேரே மறந்துபோச்சு.

திரும்பி வர்றப்ப பஸ்ஸுல கேட்டா. "என்னங்க சாப்பிட்டீங்க?"

"ரசஞ்சோறு. அப்புறம் மோரு."

நம்பிட்டா. நம்பினதோட நிக்காம அவ அண்ணனுக்குப் போன் போட்டு, என்னோட கட்டுப்பாட்டைப் பத்தி ரொம்ப நேரம் பெருமை பேசினா. மச்சானும் அங்கிருந்து மெச்சினாரு. எனக்கே என்மேல மரியாதை வந்துச்சு.

அப்புறம் சேவூர்லயிருந்து ஒரு பென்டிரைவ் வந்துச்சு. கல்யாண வீடியோ. மருதாள் அதைப் போன்ல சொருகிப் பார்த்தா. சுத்திக்கிட்டே நின்னுபோச்சு.

"ஏனுங்க, இது ரொம்பப் பெருசாம். கம்பெனி வேன்ல போகையில பாக்கோணும். போனுக்குத் தக்கன சுருக்கிக் குடுங்க."

அவ போனப்புறம், பையன் விட்டுட்டுப் போன பழைய லேப்டாப்புல போட்டுப் பார்த்தேன். முகூர்த்தம், ஆரத்தி எல்லாம் அம்சமா இருந்துச்சு. பந்தி வந்துச்சு. படத்தோட வலது ஓரத்துல ஒரு ஆளு. ஒப்புட்டை ரெண்டா மடிச்சு, அப்படியே உள்ள தள்ளறான். மீசையில நெய் மினுங்குது. யாருடா இவன் இப்படித் திங்கறான்னு உத்துப் பார்த்தா, நான்.

பக்கத்து ஊட்டுத் தமீமைக் கூப்பிட்டேன். பனியன் லேபிளுக்கெல்லாம் கம்ப்யூட்டர்ல டிசைன் போடறவன். முதலிபாளையத்துல கடை வச்சிருக்கான்.

"மாப்ள, இந்தக் கல்யாணத்தைப் போன் சைஸுக்குக் கொண்டாரோணும். செலவில்லாம."

"அதுக்கு ஃப்ரீயாவே சாப்ட்வேர் இருக்குதுங்க மாமா. பெருசை உள்ள குடுத்தா, சின்னதா வெளிய தரும்."

"வெட்டித் தருமா?"

"வெட்டாதுங்க. சுருக்கும்."

"சுருங்குனா ரிஜெக்ட்டு மாப்ள. ஒரு தண்ணியில நனைச்சதுக்கே சுருங்கிப்போச்சுன்னு கப்பல் ஏறின சரக்கே திரும்பி வந்திருக்குது."

"இது துணியில்லீங்க மாமா. வீடியோ."

"சரி. நடுவுல ஒரு எடத்தை மட்டும் எடுக்க முடியுமா?"

"எந்த எடம்?"

"பொதுவாக் கேட்டேன்."

"ஆரம்பத்துல வெட்டலாம், கடைசியில வெட்டலாம். நடுவுல வெட்டோணும்னா அது வேற சாப்ட்வேர். பழக நாளாகுங்க."

"ஓரத்துல?"

"வெட்டலாங்க. இந்தா, மேல, கீழ, எடது, வலது. எந்தப் பக்கம் நம்பரை ஏத்தறீங்களோ அந்தப் பக்கம் ஓரம் போயிரும். எதுக்கு மாமா?"

"சின்ன போனு. அதுக்கு எதுக்கு ஓரமெல்லாம்."

தமீம் என்னை ஒரு தினுசாப் பார்த்தான். சாப்ட்வேரை ஏத்திக் குடுத்துட்டு, தொழுகைக்கு நேரமாச்சுன்னு கிளம்பினான். வாசல்ல திரும்பி நின்னு, "ஓரத்துல மட்டும் கை வச்சுராதீங்க மாமா"ன்னான். பாவம், அவனுக்கென்ன தெரியும் கட்டிங்கைப் பத்தி.

மறுநாள் மருதாள் வேன் ஏறினதும் உட்காந்தேன். பந்தி சீனைக் கொண்டாந்து நிறுத்தினேன். வலது பக்கம் நம்பரை ஏத்தினேன். முதல்ல என் கை போச்சு. அப்புறம் இலை போச்சு. கடைசியா மீசை போச்சு. பக்கத்துல உட்காந்திருந்த மச்சானோட சம்பந்தி மட்டும் தனியா ரசம் குடிச்சுக்கிட்டிருந்தாரு. பார்க்கவே பரிசுத்தமா இருந்துச்சு. பட்டனை அமுக்கினேன். லேப்டாப் டிரையர் மிஷின் மாதிரி எரைஞ்சு, கைவைக்க முடியாமச் சுட்டு, மத்தியானச் சோறு முடிக்கையில சின்னக் கல்யாணத்தை வெளிய தள்ளுச்சு. அன்னைக்குப் பேக்கரிக்கு ராசா மாதிரி நடந்து போயிட்டு வந்தேன்.

மருதாள் வந்தா. முகங்கழுவி, போனைச் சொம்புமேல சாச்சு வச்சு உட்காந்தா. வீடியோவை ஓட்டிவிட்டா.

"ஏனுங்க."

"ம்."

"மாப்ளை யாருக்குத் தாலி கட்டறாரு?"

எட்டிப் பார்த்தேன். மாப்ளை பயபக்தியோட குனிஞ்சு காத்துக்குத் தாலி கட்டிக்கிட்டிருந்தாரு. பொண்ணு உட்காந்திருந்ததும் அதே வலது பக்கம். ரெண்டு விரல் மட்டும் ஓரத்துல தெரிஞ்சுது.

அப்பத்தான் மண்டையில உறைச்சுது. கட்டிங்ல துணியை ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கி விரிப்போம். மேல இருக்கறதுல கோடு போட்டு மிஷினை விட்டா, அடித்துணி வரைக்கும் ஒரே வெட்டு. ஆயுசெல்லாம் அதைத்தான் பண்ணினேன். இந்த வீடியோவும் அப்படித்தான் அடுக்கியிருக்குதுன்னு தோணலை. பந்தியில விட்ட வெட்டு, முகூர்த்தம், ஆரத்தி எல்லாத்துலயும் எறங்கியிருக்குது.

"சின்ன போன்ல அவ்வளவுதான் புடிக்கும் மருதா."

"மாப்ளையை முழுசாப் புடிச்சிருக்குதே."

"அவரு ஒல்லி."

"ஆரத்தித் தட்டு தனியாச் சுத்துதுங்க. எடுத்தது நானாச்சே. நான் எங்கே?"

"கை இருக்குதில்ல. வளையல் எவ்வளவு எடுப்பா இருக்குது பாரு."

அவ போனைக் கிட்டக்க இழுத்தா. செக்கிங்காரங்க அப்படித்தான். ஒரு டேமேஜ் சிக்கினா வாயை மூடிக்கிட்டு அடுத்ததைத் தேடுவாங்க. பந்தி வந்துச்சு. சம்பந்தி ரசம் குடிச்சாரு. நான் மூச்சு விட்டேன். அப்பப் போனுக்குள்ளயிருந்து ஒரு குரல்.

"இங்க இன்னொண்ணு வைங்க சாமி."

படத்தோட ஓரத்தை வெட்டிப்போட்டேன். சத்தத்துக்கு ஏதுங்க ஓரம்?

"ஒடஞ்சதெல்லாம் கணக்கில்லீங்க, முழுசா வைங்க. நெய்யை ஏன் சொட்டுச் சொட்டா உடறீங்க, சாச்சு ஊத்துங்க. அப்படியே மருதாள் இந்தப் பக்கம் வந்தா ஒரு சத்தம் குடுங்க."

மருதாள் போனை நிறுத்தினா.

"சம்பந்தி வாய் அசையவே இல்லீங்க. எப்படிப் பேசறாரு?"

"பின்னால யாராச்சும் நின்னு..."

"பின்னால நின்னவருக்கு எம்பேரு என்னமா வாயில வருது."

பேக்கரி கட்டுன்னு சொல்லப்போறான்னு தலையைக் குனிஞ்சேன். சொல்லலை. சிரிச்சா.

"இது ரிஜெக்ட் இல்லீங்க. சரி பண்ணினாத் தேறிரும். ஓரத்தோட முழுசாச் சுருக்கிக் குடுங்க. எப்படியோ வேலையைக் கத்துக்கிட்டீங்க. எங்கூட்டுக்காரரே கம்ப்யூட்டர்ல பண்றாருன்னு கம்பெனியில ஒரு வார்த்தை சொன்னேன். ஆளாளுக்குக் குடுத்துட்டாங்க."

சோத்துப் பையைக் கவுத்தா. பென்டிரைவும் மெமரி கார்டுமாக் கொட்டுச்சு.

"இது கருத்தம்மா மக வளைகாப்பு. இது சகாயராஜ் பேரனுக்கு ஞானஸ்நானம். இது ஜோதிகா ஊட்டுக் காதுகுத்து. மத்ததுக்கெல்லாம் பேரு ஒட்டியிருக்குது."

"இதையெல்லாம் எப்பப் பண்றது?"

"சாயந்திரம் பண்ணுங்க. பகல்ல லேப்டாப் சுடுமில்ல."

"சாயந்திரம் நான் பேக்கரிக்கு..."

"தாராளமாப் போங்க. நான் என்ன பூட்டா போட்டேன்? நீங்க வர்ற வரைக்கும் எனக்கும் பொழுது போகோணுமில்ல, இந்தச் சத்தத்தை மட்டும் சேவூர்ச் சொந்தக்காரங்க குரூப்புல போட்டுட்டு உட்காந்திருக்கறேன். உங்க கட்டுப்பாட்டை அண்ணனும் கேக்கட்டும்."

நான் லேப்டாப்பைத் தொறந்தேன்.

இன்னைக்கு வரைக்கும் மூடலை. சுருக்கச் சுருக்கப் பை ரொம்பிக்கிட்டே வருது. யார் ஊட்டு வளைகாப்பு, யாருக்குக் காது குத்தினாங்க, எல்லாம் எனக்கு மனப்பாடம். நேத்துத் தமீம் வந்தான். பேக்கரியிலயிருந்து நேரா வர்றானாம். ஷிப்டு முடிஞ்சு செக்கிங் பொம்பளைங்க கூட்டமா அங்கதான் எறங்கறாங்களாம், நடுவுல மருதாளாம்.

"டீ மாஸ்டர் கேட்டாருங்க மாமா, மகுடண்ணனை ஆளையே காணோமேன்னு."

"அதுக்கு அவ என்ன சொன்னா?"

"அவருக்கு வேலை நெறையங்க, அவருக்குன்னு நிதமும் எடுத்து வைக்கற தேங்கா பன்னை இனிமேல் எனக்கே குடுத்துருங்கன்னு சொன்னாங்க மாமா."