எழுபத்தைந்தில் ஆடும் வண்டி குறித்து மாப்பிள்ளைக்கு

சிங்காநல்லூர்,
27.10.1994

மாப்பிள்ளை அருள்குமார் அவர்களுக்கு மாமனார் பொங்கியண்ணன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தை நாச்சியம்மாளும், கார் நிற்கும் நேரங்களில், நலம். தாராபுரத்தில் உங்கள் நலமும், ஏழு மாதமாக இருக்கும் கீதாவின் நலமும் அறிய ஆவல்.

சென்ற வியாழன் காலை பத்தரை மணிக்கு, உங்கள் அத்தையைக் கலந்து, காலண்டரில் நல்ல நேரமும் பார்த்து, இனிமேல் நான் காரின் முன்சீட்டில் உட்காருவதில்லை, பின்சீட்டில்தான் என்று முடிவெடுத்திருக்கிறேன். ஆடுவது முன்பக்கம் என்பதால் வேறு வழியில்லை.

கீதா பிரசவத்துக்கு இங்கே வந்தபின் ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு வண்டி வேண்டும் என்று, ஆவணியில் உங்கள் பழைய வெள்ளைக் காரை எங்களிடம் விட்டுப் போனீர்கள். அதை நாங்கள் எப்படி வைத்திருந்தோம் என்பதற்கு இந்த வீதியே சாட்சி. ஆயுத பூஜைக்கு முதல் நாள் நானே உட்கார்ந்து நான்கு சக்கரங்களையும் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தேன். முன்சக்கரங்களின் விளிம்பில் கரிபிடித்து ஒட்டிக்கொண்டிருந்த மூன்று ஈயத் துண்டுகளைக்கூட விடாமல் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்தேன். பூஜை நாளில் எதையும் குப்பையில் போடக்கூடாது என்று உங்கள் அத்தை அவற்றையும் கத்தரிக்கோல், ஸ்பானரோடு பித்தளைத் தட்டில் வைத்துச் சந்தனப் பொட்டு இட்டாள்.

இப்படிப் பேணப்பட்ட வண்டிதான் பூஜைக்கு அடுத்த வாரம் பெருந்துறைக்குப் போகும்போது, அறுபது வரை பசுமாடு மாதிரி வந்துவிட்டு, எழுபத்தைந்தைத் தொட்டதும் டிரைவர் சென்னகேசவன் கையில் ஸ்டியரிங் உதற, கண்ணாடி உதற, டாஷ்போர்டில் எங்களைப் பார்த்து உட்கார்ந்திருந்த பிள்ளையார் மெல்ல ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொள்ள, நான் கதவைப் பிடித்தால் கதவும் சேர்ந்து ஆட, சென்னகேசவனோ, “தொண்ணூறு தாண்டுனா நின்னு போகுமுங்க” என்கிறார். “எது நிக்கும்? ஆட்டமா, வண்டியா, எம்பட மூச்சா?” என்று கேட்டேன். “போய்ப் பாத்தாத்தானுங்க தெரியும்” என்று மிதிக்கப் போனவரைத் தோளைப் பிடித்து நிறுத்தினேன். அன்றிலிருந்து கண்ணை மூடினால் முன்சக்கரம் தனியாகக் கழன்று எங்களை முந்திக்கொண்டு போறதுதான் தெரியுதுங்க. உங்க அத்தை திருஷ்டின்னு பூசணிக்காய் உடைச்சாங்க. பூசணிக்காய் உடைஞ்சுதுங்க, ஆட்டம் அப்படியே இருக்குதுங்க.

குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். அமராவதிப் பாலத்துப் பக்கம் நீங்கள் இந்த வண்டியை ஒரு பள்ளத்தில் இறக்கி ஏற்றியதாகக் கீதா ஒருமுறை சொன்ன ஞாபகம். அதில் சக்கரம் கோணியிருக்கும் என்பது என் தாழ்மையான எண்ணம். அறுபதுக்கு மேல போகாதேன்னு டிரைவர்கிட்டச் சொல்லலாமுங்க, பிரசவ வலிகிட்ட யாருங்க சொல்றது? ஆகவே ஞாயிற்றுக்கிழமை கீதாவை அழைத்துவர இந்த வண்டி வராது. இனி எந்தக் காலத்திலும் என் மகள் இதில் ஏற மாட்டாள். உங்கள் வண்டியில் நாற்பதைத் தாண்டாமல் நீங்களே கூட்டி வரவும்.

கீதாவும் வயிற்றில் உள்ள பிள்ளையும் ஆட்டம் அசைவின்றி நலமாயிருக்கப் பழனியாண்டவரை வேண்டும்,
பொங்கியண்ணன்

பி.கு. (வெள்ளி): தபாலில் சேர்ப்பதற்கு முன், பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் நாகூர் மீரானிடம், பள்ளத்தை நிரூபிக்கும் எண்ணத்தோடு, வண்டியைக் காட்டினேன்.

“எத்தனைல ஆடுதுங்ண்ணா?”

“எழுவத்தஞ்சுலீங்க.”

“ஸ்டியரிங் ஆடுதா, சீட்டு ஆடுதா?”

“ஸ்டியரிங்தானுங்க. சீட்டுல நான் ஆடறனுங்க.”

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து உலுக்கினார், பக்கவாட்டில் உலுக்கினார். லூஸ் இல்லை. சுழற்றிவிட்டுப் பார்த்தார். கோணலும் இல்லை. பிறகு விளிம்பை விரலால் தடவியவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

“ஏனுங்ண்ணா, இங்கிருந்த ஈயக்கட்டி எங்கீங்க?”

நானும் குனிந்து அந்த இடத்தைப் பார்த்தேன்.

“சக்கரம் எல்லாப் பக்கமும் ஒரே கனமா இருக்காதுங்க. கனம் கொறஞ்ச பக்கம் அதை அடிச்சு வெச்சாத்தான் வேகத்துல ஆடாம சுத்தும். ஆரு கழட்டுனது?”

“அழுக்குன்னு நெனச்சுப்போட்டனுங்க.”

“நல்லவேளைங்க, நட்டை அழுக்குன்னு நெனைக்கல.”

மெஷினில் வைத்துப் பார்த்துப் புதிதாக மூன்று ஈயக்கட்டி அடித்தார். தொண்ணூறு வரை போனோம், பிள்ளையார் அசையவில்லை. ஆகவே மேலே பள்ளம் பற்றியும் உங்களைப் பற்றியும் எழுதியவற்றைப் படிக்காததாகக் கொள்ளவும். நான் முன்சீட்டுக்குத் திரும்பிவிட்டேன். ஞாயிறு காலை சென்னகேசவன் இதே வண்டியில் இந்தக் கடிதத்தோடு வந்து கீதாவை அழைத்து வருவார். கோளாறு என்ன என்பதை உங்கள் அத்தையிடம் சொல்லவில்லை. வீட்டில் ஒருவருக்காவது என்மேல் மரியாதை இருக்கட்டும்.

மறு பி.கு. (ஞாயிறு, காலை ஆறு மணி): பெண் ஏறப்போகும் வண்டி என்று உங்கள் அத்தை நேற்று அதைத் தன் கையாலேயே கழுவிப் பொட்டு வைத்தாள். “நீங்க அத்தனை பாடுபட்டுத் தேச்சும் மறுக்கா அதே அழுக்கு ஒட்டிக்கிச்சு பாருங்க. விடலீங்க, எடுத்துப்போட்டேன்” என்றாள். பித்தளைத் தட்டில் இப்போது ஆறு துண்டுகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மீரான் ஒர்க்‌ஷாப் திறப்பதில்லை. சென்னகேசவன் இந்தக் கடிதத்தோடு ஏழேகால் பஸ்ஸில் அங்கே வருகிறார்.