மழைக்குத் தினச் சந்தா

பல் துலக்கிக்கொண்டிருந்த சந்திரசேகரின் போன் 'டிங்' என்றது. மறுபடியும் பணம் போயிருந்தது. 'மழைராகம் பிரீமியம், தினச் சந்தா' என்று பேங்க் மெசேஜ் கூசாமல் சொன்னது.

வாயில் நுரையோடு ஆப்பைத் திறந்து பார்த்தார். தகரக் கூரை மேல் மழை, இலை மேல் மழை, இடியோடு மழை என்று வகைவகையாகச் சத்தம் போட்டது. தூக்கம் வராத பட்டணத்துக்காரர்கள் காதில் மாட்டிக்கொண்டு தூங்குவதற்காம். இலவசமாக ஐந்து நிமிஷம்தான் பெய்யும்; காசு கட்டினால் டவர் இல்லாத இடத்திலும் நாள் முழுக்கப் பெய்யுமாம். பாதி வருஷம் சட்டை காயாத ஏற்காட்டு மலையில் உட்கார்ந்துகொண்டு மழைச்சத்தத்துக்குக் காசு கட்டுகிறவனை என்னவென்று சொல்வது? வேறு யாராவது கட்டியிருந்தால் சந்திரசேகரே முட்டாள் என்று சொல்லியிருப்பார்.

நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் அவர் ரைட்டர். பறிப்பாட்களுக்குப் பேர் போடுவதும் பழத்தை எடை போடுவதும்தான் வேலை. ஆனால் அவர் தன் வேலையாக நினைத்துக்கொண்டிருந்தது, ஊருக்குப் புத்தி சொல்வது. யாராவது போனில் ஏமாந்தார்கள் என்று கேள்விப்பட்டால் போதும், அவர் முகம் மலர்ந்துவிடும். "படிக்காத சனம். கண்டதை அமுக்க வேண்டியது, அப்பறம் குத்த வெச்சு அழுக வேண்டியது" என்பார்.

இந்தப் பெருமை சேலத்தில் இருக்கும் முதலாளியின் காது வரை போய்விட்டது. சனிக்கிழமை முதலாளி வருகிறார். அவர் முன்னால் 'போனில் ஏமாறாதிருப்பது எப்படி' என்று ரைட்டர் பேச வேண்டும். பேச்சு பிடித்துவிட்டால், காலியாகக் கிடக்கும் சூப்பர்வைசர் நாற்காலி அவருக்குத்தான். அதற்குள் அவர் போனிலேயே பணம் களவு போவது தெரிந்தால் நாற்காலியும் போச்சு, மானமும் போச்சு.

ஆகவே யாரிடமும் யோசனை கேட்காமல் ஆப்பை அழித்தார்.

செவ்வாய்க்கிழமை மறுபடியும் டிங். ஆப்பை அழித்தால் சந்தா அழியாது என்பது, சூப்பர்வைசர் ஆகப்போகிறவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

திரும்ப ஆப்பை இறக்கி, ரத்து செய்யும் இடத்தைத் தேடிப் பிடித்தார். 'எங்களைப் பிரிய மனம் வருகிறதா?' என்று கேட்டது. கீழே கொழுத்த பச்சைப் பொத்தான் ஒன்று. அதற்கும் கீழே எறும்பு எழுத்தில் ஏதோ இருந்தது. மூக்குக்கண்ணாடியை எடுத்துவரச் சோம்பல்பட்டுப் பச்சையை அமுக்கினார்.

'வாழ்த்துகள்! குடும்பத் திட்டத்துக்கு மாறிவிட்டீர்கள். இனி ஆறு பேர் கேட்டு மகிழலாம்.'

சந்திரசேகர் பல்லைக் கடித்தார். புதன்கிழமை, வேண்டாத சந்தாக்களை ஒழித்துக்கட்டும் 'சந்தாக் காவலன்' என்ற இன்னொரு ஆப்பைக் கொண்டுவந்து இறக்கினார். முதல் நாள் இலவசம். வியாழக்கிழமை இரண்டு டிங். மழைக்கு ஒன்று, காவலனுக்கு ஒன்று.

அதன் பிறகுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது. எஸ்டேட் ஆபீஸ் பள்ளத்தில் இருப்பதால் அங்கே டவர் எடுக்காது. தினமும் காலையில் ஆள் கணக்கைச் சேலத்துக்கு அனுப்ப, ஆபீஸ் பெண் சசிகலாதான் அவர் போனை மேட்டு வளைவுக்கு எடுத்துப் போவாள். அவளைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"ஏம்புள்ள, என்ற போனை யாராச்சும் நோண்டுனாங்களா?"

"நெம்பர் தெரிஞ்சாத்தானுங்களே போன் தொறக்கும்?"

"நெம்பர் யாருக்குத் தெரியும்?"

"யாருக்குமே தெரியாதுங்க. நீங்க ஆபீஸ் வாசல்ல நின்னு கத்துறது கேக்குற தூரம் வரைக்குந்தானுங்க தெரியும்."

சொன்னது உண்மைதான். அவள் வளைவுக்குப் போய்ச் சேர்வதற்குள் போன் பூட்டிக்கொள்ளும். இவர் கீழே நின்று ரகசிய எண்ணைத் தொண்டை கிழியக் கத்துவார். பணம் கட்டவும் அதே எண்தான். மறந்துவிடக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் ஒன்றே வைத்திருந்தார், அறிவாளி.

அன்றே எண்ணை மாற்றினார். வெள்ளிக்கிழமை காலை வளைவிலிருந்து, "தொறக்க மாட்டேங்குதுங்க!" என்று சசிகலா குரல் கொடுத்தாள். ரைட்டர் கைகளை வாயருகே குவித்துப் புது எண்ணைக் கத்தினார். பழம் பறித்துக்கொண்டிருந்த வெள்ளையம்மாள் செடிக்குள்ளிருந்து தலையைத் தூக்கினாள்.

"கடைசி நெம்பர் ஏழுங்களா, எட்டுங்களா?"

"எட்டு!" என்றார் ரைட்டர்.

சனிக்கிழமை முதலாளி வரக் கொஞ்சம் தாமதமாகும் என்று தகவல் வந்தது. சும்மா இருக்க முடியுமா? ஆட்களையெல்லாம் குடோனுக்குள் கூட்டி, குளிருக்குக் கதவு சன்னலைச் சாத்திவிட்டு ஒத்திகையை ஆரம்பித்தார்.

"உங்க போன்ல இருந்து உங்களுக்குத் தெரியாம ஒருத்தன் காசு எடுக்கறான்னா என்ன அர்த்தம்? நீங்க மாடு மேய்க்கத்தான் லாயக்கு!"

"ஏனுங்க, முடியறதுக்கு இன்னும் நொம்ப நேரம் ஆகுங்களா?" என்றாள் வெள்ளையம்மாள்.

"இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கேன். உக்காரு."

சற்று நேரத்தில் இடி இடித்தது. தகரக் கூரை அதிர மழை பிடித்துக்கொண்டது. இந்த வருஷம் இப்படி அடிக்கடி பெய்தாலும் இன்றைக்குப் பேய் மழை. மழை வந்தால் பறிப்பு கிடையாது, அரைநாள் சம்பளம் போட்டு ஆட்களை அனுப்பிவிட வேண்டும். அது அந்த எஸ்டேட்டின் வழக்கம்.

"போச்சு போங்க. எல்லாரும் ஊட்டுக்குக் கெளம்புங்க. கதவைச் சாத்திட்டுப் போங்க, சாரல் அடிக்கும்" என்று சலித்துக்கொண்டு, திரும்பி உட்கார்ந்து பேரேட்டில் அரைநாள் போடத் தொடங்கினார். சனம் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு சமர்த்தாக வெளியேறியது. வெள்ளையம்மாள் மட்டும் எதையோ எடுக்க வேண்டும் என்று பின்தங்கினாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு முதலாளி வந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். நெற்றியில் வியர்வை.

"ஆளுங்க எங்கய்யா? பழமெல்லாம் செடியிலயே உதிர்ந்து கெடக்குது!"

"மழைங்கய்யா. கேக்கலீங்களா?"

முதலாளி காது கொடுத்துக் கேட்டார். பிறகு நடந்து போய்ச் சன்னலைத் திறந்தார். பளீரென்று வெயில் உள்ளே விழுந்தது. மழை பாட்டுக்குக் கொட்டிக்கொண்டே இருந்தது.

சத்தம் வந்த மூலைக்குப் போய் மூட்டைகளை நகர்த்தினார். பின்னால் ஆறு போன்கள் வரிசையாகப் படுத்திருந்தன. ஆறிலும் 'சந்திரசேகர் குடும்பத்துக்கு நல்வரவு' என்று எழுதியிருந்தது.

"இதுக்கு யாரு காசு கட்டறது?"

சந்திரசேகர் மனசுக்குள் கணக்குப் போட்டார். தெரியாமல் போகிறது என்றால் ஏமாளி. தெரிந்து கட்டினேன் என்றால் திருடன். ஏமாளியே மேல் என்று முடிவு கட்டி அவர் வாயைத் திறப்பதற்குள் வெள்ளையம்மாள் பரிந்துகொண்டு வந்தாள்.

"அவர வையாதீங்க மொதலாளி. ரைட்டரு மட்டும் காசு கட்டாட்டி, அஞ்சு நிமிசத்துல மழ நின்னு போயிருமுங்க!"