பன்னிரண்டாவது அங்கி

சாம்பல் புதனன்று காலையில், நெற்றிச் சாம்பல் உதிர்வதற்குள் நான் ஒரு மகா தீர்மானம் எடுத்தேன். இந்த வருஷம் பெரிய வியாழனன்று பாதம் கழுவப்படும் பன்னிரண்டு பேரில் நானும் ஒருவன்!

எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாது, சொல்லிவிடுகிறேன். சின்னமனூருக்குத் தெற்கே அறுபது வீட்டு வேதக்காரர்கள் நாங்கள். எல்லோருக்கும் வெற்றிலைக் கொடிக்கால்தான் பிழைப்பு. பெரிய வியாழனன்று பன்னிரண்டு ஆம்பிளைகள் வெள்ளை அங்கி போட்டு, அப்போஸ்தலர்களாகக் கோயிலில் வரிசையாக உட்காருவார்கள். சாமியார் முழங்கால் போட்டு ஒவ்வொருவர் காலையும் கழுவித் துடைப்பார். ஊரே பார்க்கும். என் மச்சான் சந்தியாகு ஏழு வருஷம் அப்படி உட்கார்ந்தவர். அந்த ஏழு வருஷமும் எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் அந்தக் காலை நீட்டித்தான் உட்காருவார். இப்போது அவர் மேகமலை எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார். ஓர் இடம் காலி.

சாமியார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"அங்கி போடுறவன் தபசு காலம் நாப்பது நாளும் ஒருசந்தி இருக்கணும். மத்தியானம் ஒரு வேளைச் சோறு, ராத்திரி கொஞ்சம் கஞ்சி, அவ்வளவுதான். கொடிக்கால்ல தண்ணி இறைக்கிறவங்களால முடியலைன்னா என்கிட்டச் சொல்லி விலக்கு வாங்கிக்கலாம். பாவமில்லை. பொய்யா மட்டும் இருக்காதீங்க."

"எனக்கு எதுக்குச் சாமி விலக்கு?" என்று அறுபது வீடும் கேட்கச் சொன்னேன் நான், இஞ்ஞாசிமுத்து.

வீட்டுக்கு வந்ததும் என் பெண்சாதி ஞானசெல்வி அளவு நாடாவை எடுத்தாள். கன்னியர் மடத்தில் தையல் படித்தவள். சாமியார் உடுப்பு, பீடத் துணி, அப்போஸ்தலர் அங்கி எல்லாம் அவள் கைத் தையல்தான். என் வயிற்றைச் சுற்றி நாடாவைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, உங்களால முடியுமா?"

"முடியாம? நான் என்ன பச்சப் பிள்ளையா?"

"விடியக்காலம் ஆறு பணியாரம் உள்ள போகலைன்னா உங்களுக்குக் கண்ணு தெரியாதே. சாமிகிட்ட விலக்குக் கேட்டுருங்க. அதுல ஒரு கொறச்சலும் இல்ல."

"ஊரு சிரிக்கும்டி."

"சிரிச்சுட்டுப் போகட்டும். நெசந்தான சொல்றீக?"

இதுதான் இவளிடம் உள்ள கஷ்டம். நெசம் என்றால் போதும், அதற்குமேல் எதுவும் வேண்டாம் இவளுக்கு.

முதல் நாள் இருந்தேன். சத்தியமாக இருந்தேன். பத்து மணிக்குக் கொடிக்கால் முழுக்கப் பச்சைத் தோசைகளாகத் தெரிந்தது. இரண்டாம் நாள் விடியற்காலையில் என் கால்கள் என்னைக் கேட்காமலே வண்டிப்பேட்டைக்குப் போய்விட்டன. அங்கே சோணையம்மாள் பணியாரக் கடை. அவள் மாரியம்மனைக் கும்பிடுகிறவள். நம் தபசைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும் என்று தைரியமாக உட்கார்ந்தேன்.

"என்ன தம்பி, உங்க சனமெல்லாம் நோம்புன்னாக?" என்றாள்.

"அது ஒடம்பு நல்லாருக்கிறவுகளுக்கு ஆத்தா. எனக்குக் கிறுகிறுப்பு."

"அடப் பாவமே! கிறுகிறுப்புக்கு இன்னும் ரெண்டு வையி" என்று அவளே போட்டாள். நல்ல மனசு. பன்னிரண்டு உள்ளே போனது. அப்போஸ்தலர் கணக்கு.

மத்தியானம் வீட்டுக்குப் போனேன். அங்கேதான் சங்கடம். ஞானசெல்வி இலை நிறையச் சோறு மலைபோல் குவித்திருந்தாள்.

"போதும்."

"என்னங்க போதும்? காலையில இருந்து பச்சத்தண்ணி படாத வயிறு. தின்னுங்க."

"பசிக்கல."

"ஒருசந்தி இருக்கிற மனுசனுக்கு மத்தியானம் பசிக்கலையா?" என்று என் முகத்தைப் பார்த்தாள். பார்வை ரொம்ப நேரம் இருந்தது. நான் அவசரமாகச் சோற்றைப் பிசைந்தேன். மறுபடியும் ஒரு அகப்பை. மறுபடியும் மோர். பொய் சொன்னவன் மறுசோறு வேண்டாம் என்று சொல்ல முடியாது. பட்டினிக்காரனைப் போல் விழுங்கி, மலைப்பாம்பைப் போல் திண்டாடி, பாயில் சாய்ந்தால் பொழுது இறங்கித்தான் எழுந்திருப்பேன். ஒருசந்தி இல்லாத ஞாயிறு தவிர எல்லா நாளும் இதே கதை. ஊரெல்லாம் இளைத்துக்கொண்டு வந்தது. நான் மட்டும் பெருத்துக்கொண்டு வந்தேன்.

"தபசுல முகம் ஒளி வீசுது" என்றார் கோயில் மணி அடிக்கும் கோயில்பிள்ளை. நல்லெண்ணெய் ஒளி!

ஒருநாள் மனசு கேட்காமல் அவளிடம் மெல்லப் போட்டுப் பார்த்தேன்.

"ஏம்மா, சாமியாரு உன்கிட்ட என்னையப் பத்திக் கேட்டா என்ன சொல்லுவ?"

"கேட்டாப் பொய் சொல்ல மாட்டேன். கேக்காதத நானாப் போய்ச் சொல்லவும் மாட்டேன்."

எனக்கு அன்றைக்கு மட்டும் பணியாரம் இறங்கவில்லை. எட்டோடு எழுந்துவிட்டேன்.

குருத்தோலை ஞாயிறு வந்தது. பூசை முடிந்து, அங்கிகளைப் போட்டுப் பார்க்கச் சொன்னார் சாமியார். ஞானசெல்வி மூட்டையை அவிழ்த்துக் கொடுத்தாள். பதினொரு பேருக்கும் தொளதொளவென்று விழுந்தது. பன்னிரண்டாவது அங்கி என் தோளில் ஏறியது, நெஞ்சில் நின்றது, வயிற்றில் பட்டென்று தையல் விட்டது.

கூட்டம் சிரித்தது. சாமியார் புருவத்தை உயர்த்தினார். நான் என்ன செய்வேன்? வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அளவு தப்பாத் தைச்சுட்டா சாமி. இப்பல்லாம் இவளுக்குக் கண்ணு சரியில்ல."

சொன்னதுமே நாக்கு கசந்தது. பொம்பளைகள் பக்கம் குசுகுசுவென்றார்கள். பன்னிரண்டு வருஷமாக ஒரு தையல் பிசகாத கை அது. ஞானசெல்வி சாமியாரை நிமிர்ந்து பார்த்தாள்.

"என் தையல்ல குத்தம்னா, பீடத் துணியெல்லாம் வேற ஆளுகிட்டக் குடுத்துருங்க சாமி."

அவ்வளவுதான். கோபமில்லை. குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது. சாமியார் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"ஞானசெல்வி, நீ ஒருசந்தி இருந்தியா?"

"இருந்தேன் சாமி. ஆனா முழுசா இல்ல. ரெண்டு நாளு காச்சல்ல காலையில கஞ்சி குடிச்சுட்டேன். விலக்குக் கேக்கவும் வரல. என் மேல தப்பு."

ஊர் முன்னால் சொன்னாள். யாரும் பார்க்காத கஞ்சி அது. எனக்குப் பொங்கிப் போட்டு, எனக்குப் பரிமாறி, இந்தத் தபசு காலம் முழுக்கக் காலையில் வெறும் வயிறோடு இருந்திருக்கிறாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதைக்கூட நான் கவனிக்கவில்லை.

"உன் புருஷன்?"

"அவுகளுக்கு வாய் இருக்கு சாமி. அவுகளே சொல்லட்டும்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கிழிந்த அங்கியோடு முழங்கால் போட்டேன். பணியாரத்தைச் சொன்னேன். கிறுகிறுப்பைச் சொன்னேன். "தையல் சரிதான் சாமி, தச்ச பெறகு வளந்தது நான்தான்" என்று அறுபது வீடும் கேட்கச் சொன்னேன். இப்படி ஒரு பெண்சாதியை எனக்குக் கொடுத்த ஆண்டவருக்கு என்மேல் என்ன பிரியமோ!

சாமியார் குனிந்து, விட்டுப்போன தையலைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார்.

"எழுந்திரு. இனியாவது விலக்குக் கேளு. உண்மை பேச இவ்வளவு கஷ்டப்பட்டவன் காலைக் கழுவ எனக்குச் சந்தோஷம்தான். ஆனா அங்கி கிழிஞ்சு போச்சே? வியாழனுக்கு நாலு நாள்தான் இருக்கு."

ஞானசெல்வி மூட்டையின் அடியில் கையை விட்டாள். இன்னொரு அங்கியை எடுத்தாள். புதிசு. போட்டேன். பணியாரக் கல்லில் மாவு உட்கார்ந்ததுபோல் அவ்வளவு கச்சிதம்.

வீட்டுக்குப் போகும் வழியில் கேட்டேன்.

"இது எப்பத் தச்ச?"

"போன வாரம். நீங்க நெசத்தச் சொன்னா எடுத்துக் குடுக்கலாம்னு."

"சொல்லாமப் போயிருந்தா?"

"சொல்லுவீக. எனக்குத் தெரியும்."

நெஞ்சு நிறைந்துவிட்டது. கொஞ்சம் நிமிர்ந்தும் நடந்தேன்.

"அதுசரி, எனக்குத் தெரியாம எப்படி அளவு எடுத்த?"

"மத்தியானம் தின்னுட்டுத் தூங்குனீகள்ல, அப்பத்தான். நாடா எட்டல, மாட்டுக் கயித்த அவுத்துட்டு வந்து அளந்தேன்."