பல்வேர் அடைக்கும் சிமெண்டைப் பற்றி உலு யாம் ஊரிலிருக்கும் சித்திக்கு

கோலசிலாங்கூர்
10.3.1952, திங்கள்

அன்பும் மரியாதையும் உள்ள கான்ஸ்டன்ஸ் சித்திக்கு மாடில்டா எழுதுவது. சேசுநாதர் இரக்கத்தால் இங்கே எல்லாரும் சுகம், அம்மாவின் முன்பல் ஒன்றைத் தவிர.

நான் முதலில் கவனித்தது நூலைத்தான். பல் டாக்டர் வைரவநாதன் கிளினிக்கில் நான் கூட்டித் துடைப்பது உங்களுக்குத் தெரியும். அங்கே அலமாரியில் சிவப்பு மை ஊற்றிய புட்டிக்குள் ஒன்பது பற்கள், பிடுங்கிய மனிதப் பற்கள், மூன்றில் வெள்ளை நூல், மூன்றில் கறுப்பு, மூன்றில் நீலம். பல்லை ஊறுகாய் மாதிரி ஊறப்போடுகிறவரை எப்படி நம்புவது? வெள்ளிக்கிழமை இவர்தான் அம்மாவின் ஈறைக் கீறி, வேரின் நுனியைச் சிமெண்டால் அடைக்கப் போகிறார். அடைப்பு நின்றால் பல் நிற்கும், இல்லாவிட்டால் பிடுங்க வேண்டியதுதான். அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அப்பாவிடம் காட்டலாமென்று ஒரு பல்லை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன்.

காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகிறதா என்று எங்கள் எஸ்டேட் கேட்டில் எல்லாரையும் சோதிக்கிறார்களே, அங்கே ஸ்பெஷல் போலீஸ் நல்லசாமி அண்ணன் என் முடிச்சை நசுக்கிப் பார்த்தார்.

"அரிசியா பிள்ளே?"

"ஒண்ணுதான் அண்ணே."

"ஒரு அரிசியை யாரு லா கடத்துவா?" அவிழ்த்தவர் கையை உதறினார். "யாரு பல்லு இது?"

"தெரியல அண்ணே."

"யாரு பல்லுன்னே தெரியாம கொண்டுபோறியா? நட லா கிளினிக்குக்கு."

டாக்டர் கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை. "அது நீல நூல் பல்லெல்லோ. ஏன் பிள்ளை எடுத்தனீ? மூண்டு விதமான சிமெந்தால வேரை அடைச்சிருக்கிறன். எதுக்குள்ள மை போகேல்லையோ, அதுதான் நல்லது."

நல்லசாமி அண்ணன் சல்யூட் அடித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் சந்தேகம் கூடிவிட்டது. நல்லது எதுவென்று தெரிந்தவர் எதற்குச் சோதிக்கிறார், இத்தனை வருஷமாய் ஊரார் வாயில் எதை வைத்தார், அம்மாவுக்கு எதை வைப்பார்? அம்மாவோ, "ஆறாவதோட நின்ன கழுதை, டாக்டரையே சந்தேகப்படுறியா?" என்கிறாள். ஆகவே நீங்கள் வெள்ளிக்கிழமைக்குள் பஸ் ஏறி வந்து இதை நிறுத்த வேண்டும்.

ஹியூபர்ட் சித்தப்பாவுக்கு என் தோத்திரம். தேவமாதா உங்கள் வீட்டைக் காப்பாளாக.

கீழ்ப்படிதலுள்ள மகள்,
மாடில்டா

பி.கு.: வர வேண்டாம் சித்தி. மூன்று நாள் ஊரடங்கில் கடிதம் தபாலுக்குப் போகவில்லை, வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. காலையில் டாக்டர் பற்களை என் முன்னாலேயே பிளந்தார். வெள்ளையிலும் நீலத்திலும் மை ஏறியிருந்தது, கறுப்பு மூன்றும் சுத்தம். "கறுப்பு நூல் பல்லுக்கு எந்தச் சிமெண்டுப் பொடி?" என்று கேட்டே விட்டேன். அவர் காட்டினார். மற்ற இரண்டு பொடிப் புட்டிகளையும் என் பைக்குள் போட்டுக்கொண்டு, அம்மா வாயைத் திறந்ததும் விளக்கைத் தூக்கிப் பிடித்தேன்.