டென்னஸியில எட்டு பேருக்கு ரூம்

பொண்ணு நோட்டுக்கெல்லாம் அட்டை போடணும். எனக்கு இருந்த வேல அவ்ளோதான்.

எழுபத்தெட்டு வாக்குல கும்மிடிப்பூண்டியில ஒரு கம்பி ஃபேக்டரில கிளார்க்கா இருந்தேன். பெரிய லீவுலயே காக்கி பேப்பர் வாங்கினு போனேன். எம் பொண்ணு தொடவே இல்ல. கூடப் படிக்கிறவ நோட்டுல ஃபாரின் வழவழ பேப்பராம். அது இல்லாட்டி இவ ஸ்கூலுக்கே போமாட்டாளாம்.

பக்கத்து சீட்டு தனபாலு வழி சொன்னான். "அமெரிக்காவுல எதுனா ஒரு மாநிலத்து டூரிஸ்ட் ஆபீசுக்கு லெட்டர் போடுபா. சுத்திப் பாக்க வரோம், எங்க தங்கறதுன்னு கேளு. கலர் புக்கா ஓசில அனுப்புவான்."

"நெசமாவா?"

"எட்டு பேரு வரோம்னு எழுது. எட்டு செட்டு வரும். ஊட்டு விலாசம் வாணாம், கம்பெனி விலாசம் குடு. மதிப்பா இருக்கும்."

இந்தத் தனபாலு யாருன்னா, காலியான ஸ்டோர் கீப்பர் வேலைக்கு என்கூட லைன்ல நின்னவன். ரெண்டு பேருல நான்தான் சீனியர். அந்த வேலைக்குக் குவார்ட்டர்ஸ் உண்டு, உள்ளயே தண்ணிக் கொழா உண்டு. தெருப் பம்புல கொடத்தோட நிக்கற எம் பொண்டாட்டி, அந்தக் கொழாவ நெனச்சிக்கினே மூணு வருசம் ஓட்டிட்டா.

அட்லஸ்ல கை வெச்ச எடம் டென்னஸி. குடும்பத்துல மூணே பேரு. எட்டுன்னு எழுதினேன். ஆகஸ்ட்ல வரோம், மலை பாக்கணும், குகை பாக்கணும், நல்ல ரூம் சொல்லுங்கன்னு கூசாம எழுதினேன்.

ஒரு மாசத்துல ஒரு கட்டு வந்துச்சி. கேட்டுல வாட்ச்மேன் குடுத்தாரு. பைக்குள்ள போட்டுக்கினு போயிருக்கலாம். நான் போடல. அமெரிக்கா ஸ்டாம்பு வெளிய தெரியற மாதிரி மார்ல அணைச்சிக்கினு கடத்தெரு முழுக்க நடந்தேன்.

"இன்னா சார், அமெரிக்காவா? எப்போ பயணம்?"ன்னாரு சைக்கிள் கடைக்காரரு.

இல்லன்னு சொல்லியிருந்தா அதோட தீந்திருக்கும். நான் சிரிச்சேன். எதிர் ஊட்டம்மா வாட்ச் ஒண்ணு வாங்கியாரச் சொல்லிச்சி. அதுக்கும் சிரிச்சேன்.

ஊட்ல புக்கைப் பிரிச்சா, பனி மூடின மலை, பூமிக்கடியில குகை, அதுக்குள்ள அருவி. தங்கற எடம் ஒவ்வொண்ணுலயும் ரூமுக்கு எதுர நீச்சல் கொளம். எம் பொண்டாட்டி கொளத்தையே பாத்துக்கினு இருந்தா. "நாலு பேரு குளிக்கறதுக்கா இவ்ளோ தண்ணி?"ன்னு கேட்டா.

பொண்ணுக்கு ஒரே குஷி. தமிழ் நோட்டுக்கு அருவி, சரித்திரத்துக்குக் குகை. கணக்கு நோட்டுக்கு வந்த படத்துல மட்டும், கொளத்தோரம் ஒரு அம்மா ரொம்பக் கொஞ்சமா உடுத்திக்கினு படுத்திருந்தாங்க. பேர் எழுதற சீட்ட அந்தம்மா மேலயே ஒட்டி மானத்தக் காப்பாத்தினேன்.

ஸ்கூல் தொறந்துச்சி. எல்லாம் நல்லாத்தான் போய்க்கினு இருந்துச்சி.

எங்க கம்பெனில ஒரு பழக்கம். கட்டா வந்தா கேட்டோட சரி, கவரா வந்தா மேனேஜர் பிரிச்சிப் படிச்சிட்டுத்தான் குடுப்பாரு. ஜூலையில கூப்ட்டாரு. கையில ஒரு கவரு. டென்னஸில லாட்ஜ் நடத்தற ஒரு அம்மா எழுதியிருந்தாங்க. டூரிஸ்ட் ஆபீஸ்காரங்க என் லெட்டர அவங்களுக்கு அனுப்பிட்டாங்க.

மேனேஜர் நிதானமா தமிழ்லயே படிச்சிக் காட்டினாரு. "உங்கள் எட்டு பேருக்கும் அடுத்தடுத்து மூன்று அறைகள் ஒதுக்கிவிட்டோம். இந்தியாவிலிருந்து வரும் முதல் விருந்தாளிகள் நீங்கள்தான். என் கணவரே வேன் எடுத்துக்கொண்டு வருவார்."

படிச்சிட்டு கண்ணாடிய எறக்கினாரு. "ஸ்டோர்ல செம்புக் கம்பி கொறையுது. நீ எட்டு பேரோட அமெரிக்கா போற. எப்படிய்யா?"

"நோட்டுக்கு அட்டை போட சார்"ன்னேன்.

"எதுக்கு?"

"அட்டை சார்."

நம்பல. ஸ்கூலுக்கு ஓடி, கிளாஸ்ல இருந்து பொண்ணோட நோட்டெல்லாம் வாங்கியாந்து மேசையில அடுக்கினேன். அவ அழுதுக்கினு நின்னது இன்னும் கண்ணுல கீது. மேனேஜர் அருவி பாத்தாரு, குகை பாத்தாரு. கணக்கு நோட்டு வந்ததும், "இங்க மட்டும் இன்னாத்த மறைச்சிருக்க?"ன்னு சீட்ட நகத்தால கிளப்பினாரு. கிளப்பிட்டு ரொம்ப நேரம் விசாரிச்சாரு, வாயத் தொறக்காம.

அப்புறம் சீட்ட அமுக்கி ஒட்டிட்டு, "சரி, நீ திருடன் இல்ல"ன்னாரு.

உசுரு வந்துச்சி. "அப்ப ஸ்டோர் கீப்பர் வேல சார்?"

"அது நேத்தே தனபாலுக்குப் போட்டாச்சே. நீ குடும்பத்தோட அமெரிக்கா போறேன்னு அவன்தான் வந்து சொன்னான். போறவனுக்கு எதுக்குய்யா வேல?"

ஊட்ல விசயத்தச் சொன்னேன். எம் பொண்டாட்டி கொடத்த எடுத்து என் கையில குடுத்தா. அன்னையிலருந்து பம்புல நிக்கறது நான். டென்னஸி அம்மாவுக்கு, தவிர்க்க முடியாத காரணத்தால வர முடியலன்னு எழுதிப் போட்டேன்.

தனபால்கிட்ட கேட்டேன். "லெட்டர் எழுதச் சொன்னதே நீ. நான் போவலன்னு உனக்குத் தெரியாதா?"

அவன் டீய ஊதிக்கினே சொன்னான், "தெரியும்தான். ஆனா கட்டத் தூக்கினு கடத்தெருவுல நீ நடந்த நடையப் பாத்ததும், நெசமாவே போறியோன்னு நானே நம்பிட்டேன் நைனா."

அதுலருந்து யாரு எதக் கேட்டாலும் முந்திக்கினு "இல்ல"ன்னு சொல்லிடறேன். சாப்ட்டியான்னு கேட்டாலும் இல்லன்னு வந்து, ரெண்டு தபா சாப்ட்ட வயித்துலயே மறுபடி சோறு தின்னதுதான் மிச்சம்.